பத்துக்கு ஒரு கோப்பு

மணிலாவிலிருந்து வந்த ஆணையைப் படித்ததும் நெனிதா ரெலூசியோவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் நல்ல சேதி வந்தால் பல்லைக் காட்டக் கூடாது, காட்டினால் எவனாவது வந்து அதைக் கெடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான் என்பது அவள் இத்தனை வருஷ உத்தியோகத்தில் கண்டது.

அவள் ஆவண அதிகாரியாக இருக்கிற மறுகுடியமர்த்தல் அலுவலகத்தை மூடப்போகிறார்கள். அந்தப் பெரும்புயலில் எரிமலைச் சரிவு கரைந்து சேறாக இறங்கி ஊர் ஊராக மூடிற்றே, அப்போது வீடிழந்தவர்களுக்காகத் திறந்த அலுவலகம் அது. வீடு கட்டிக் கொடுத்தாயிற்று, பத்திரமும் கொடுத்தாயிற்று. கிடங்கில் மிச்சம் இருந்தவை கோப்புகள்தான், குடும்பத்துக்கு ஒன்றாக. கால் நூற்றாண்டு கடந்தால் அழிக்கலாம் என்று விதி சொல்கிறது. அதே விதி, மொத்தத்தையும் அழித்துவிடாதே, பத்தில் ஒரு பங்கை மாதிரிக்கு எடுத்து என்றைக்குமாகப் பாதுகாத்து வை என்றும் சொல்கிறது. எந்தப் பங்கை என்பதுதான் கேள்வி. குடும்பப் பெயர் ஆர் எழுத்தில் தொடங்குகிற கோப்புகள் இருக்கட்டும், மற்றவை காகித ஆலைக்குப் போகட்டும் என்று ஆணை வந்துவிட்டது.

ரெலூசியோ என்பது ஆர். நெனிதாவின் அம்மா பெயரில் இருக்கிற கோப்பு தப்பித்தது.

அந்தக் கோப்பில் அப்படி என்ன இருக்கிறது என்றால், பென்சிலில் வரைந்த ஒரு வீடு இருக்கிறது. சேறு இறங்கியபின் கம்பியால் குத்திப் பார்த்துத் தோண்ட வந்தவர்களுக்கு எங்கே தோண்டுவது என்றே தெரியவில்லை. தெருவும் கிணறும் வேலியும் போய் எல்லாம் ஒரே மட்டமாகக் கிடந்தது. அதனால் பிழைத்துக் கூடாரத்தில் தங்கியிருந்தவர்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார்கள். உங்கள் வீட்டை வரையுங்கள், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் எங்கே படுத்திருந்தார்கள் என்று கோடு போடுங்கள், இரண்டு பக்கத்து வீடுகளையும் சேர்த்துக் காட்டுங்கள் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வரைந்தார்கள். நெனிதாவின் அம்மா தன் வீட்டை வரைந்து, ஜன்னலோரம் சின்னதாக ஒரு கோடு போட்டாள். அதுதான் ரோடெல். நெனிதாவுக்கு ரொம்பக் காலம் கழித்துப் பிறந்த தம்பி. ஜன்னல் காற்று இல்லாவிட்டால் தூங்கமாட்டான். நெனிதா அன்றைக்கு நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். ரோடெல் கிடைக்கவேயில்லை.

அவனுக்குக் கல்லறை இல்லை, போட்டோ இல்லை. வீட்டில் இருந்த போட்டோவெல்லாம் வீட்டோடு போயிற்று. நவம்பர் முதல் தேதி, செத்தவர்களை நினைக்கிற நாளில், ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தியும் சாப்பாடும் சீட்டுக்கட்டுமாக உட்கார்ந்திருக்கும்போது, உடல் கிடைக்காதவர்களின் சனங்கள் எங்கே போவார்கள்? யாரோ ஒருவர் இந்தக் கிடங்கு வாசற்படியில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டுப் போனார். செத்தவர்களின் பெயர் உள்ளே இருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்? அடுத்த வருஷம் ஐம்பது மெழுகுவத்தி. அப்புறம் பாதிரியாரே வந்து தண்ணீர் தெளித்தார். நெனிதா இந்த அலுவலகத்தைவிட்டு நல்ல வேலைக்குப் போகாமல் இருந்ததற்கு அந்தப் படிதான் காரணம். தம்பியைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டால் தீர்ந்ததே என்று யாராவது கேட்கலாம். பிடித்துத்தான் வைத்திருந்தாள். போனுக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றவா முடியும்?

அம்மாவின் கோப்பு எண் அவளுக்கு மனப்பாடம். ஐந்தில் முடியும். வரிசைப்படி கொடுத்த எண், நாலில் முடிந்திருக்க வேண்டியது. கூடாரத்து வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு ரூஃபினா, முழங்கையை விட்டு இடித்து முன்னால் போய்விட்டாள். பெயர் கொடுத்தவர்களுக்கு மத்தி மீன் டப்பா கொடுக்கிறார்கள், டப்பா தீர்ந்துபோகிறது என்று எவனோ கிளப்பிவிட்டானாம். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளை மீன் டப்பாவுக்காக இடித்தாளே அந்தப் பிசாசு என்று அம்மா கண்ணை மூடுகிறவரை திட்டினாள். ரூஃபினா செத்தபோதுகூடப் போய்ப் பார்க்கவில்லை.

சரி, ஆர் எழுத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஸ்பெயின்காரன் காலத்தில் குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்குப் பெயர் வைக்கிறேன் என்று பெரிய பட்டியல் ஒன்று கொண்டுவந்து, ஊருக்கு ஒரு எழுத்தாகக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான் ஒரு துரை. பனாவன் ஊருக்கு ஆர் வந்தது. ரெலூசியோ, ரெபுவேனோ, ராகோஸ், ரிக்காஃபோர்ட் என்று ஊர் முழுக்க ஆர்தான். துமாகித் ஊருக்கு பி. இன்றைக்கும் ஒருவர் பெயரைச் சொன்னால் போதும், எந்த ஊர்க்காரர் என்று இங்கே பஸ் கண்டக்டர்கூடச் சொல்லிவிடுவான். மணிலாவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியவில்லை. ஆர் கோப்புகளை எண்ணிப் பார்த்தார்கள், மொத்தத்தில் பத்தில் ஒன்று வந்தது, ஆஹா சரியாக அமைந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பத்தில் ஒரு பங்கு கோப்புகள் அல்ல அது. ஒரு முழு ஊர். பனாவன் மொத்தமும் பிழைத்தது, சேறு மூடிய மற்ற ஊரெல்லாம் சுத்தமாகப் போகப்போகிறது.

நெனிதாவுக்கு ஆணையைப் படித்த நிமிஷமே இது தெரியும். வாயில் கொழுக்கட்டை இருந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். எழுத்தைப் பொறுக்கியது நானா, மேலிடம் சொல்கிறது, நான் செய்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எடுபடத்தான் இல்லை.

பெட்டிகளைப் பிரிக்கிற வேலை தொடங்கியது. மேற்பார்வைக்கு ஆவணக் காப்பகத்திலிருந்து டெல்ஃபின் மங்காஹாஸ் என்று ஒருவரை அனுப்பியிருந்தார்கள். மணிலாக்காரர், தூசி ஆகாது, உள்ளே வந்ததிலிருந்து தும்மல்தான். இருந்தாலும் நல்ல மனுஷன். ஒரு பெட்டியை அழிக்கச் சொல்வதற்கு முன் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் மேடம், மழைநீரும் கரையானும்தான் தேர்ந்தெடுக்கும், அதற்கு நாமே தேர்ந்தெடுப்பது மேல் என்று அவளிடம் ஒருநாள் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. கிடங்கின் வடக்கு மூலையில் கரையான் ஏற்கெனவே தேர்ந்தெடுக்க ஆரம்பித்திருந்தது.

பிரிக்கிற வேலை ஓஸ்கார் பெர்காசியோவுடையது. கிடங்குப் பொறுப்பு அவனுக்கு. பெயரிலேயே தெரிகிறதே, துமாகித் ஊர்க்காரன். சேற்றில் அம்மாவையும் இரண்டு அக்காவையும் விட்டுவிட்டு அப்பாவோடு பிழைத்து வந்தவன். நெனிதாவை மனாய், மனாய் என்று சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிடுவான். மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். அவள் கொண்டுவருகிற சேம்பிலைத் தேங்காய்ப்பால் குழம்பில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போகும். காரம் போதாது என்று குறை வேறு சொல்வான்.

அவன் இரண்டு நாள் பெட்டிகளை அடுக்கினான். மூன்றாம் நாள் ஆர் பெட்டிகளுக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"உங்க ஊர் மேல மட்டும் சாமிக்குத் தனிப் பாசம்போல, மனாய்."

அவள் கேட்காத மாதிரி இருந்தாள். அன்றைக்கு மத்தியானம் அவன் தன் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சுமைக்காரர்களோடு போய் உட்கார்ந்தான். மறுநாளும் அப்படியே. குழம்பு மீந்து போயிற்று. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இப்படி மரியாதையாக விலகிப் போகிறானே என்று அவளுக்கு எரிச்சலும் வேதனையுமாக வந்தது. நானா எழுதினேன் அந்த ஆணையை என்று அவனைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. உலுக்கவில்லை. எழுதியது அவள் இல்லை, ஆனால் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டது அவள்தானே.

அக்டோபர் கடைசி வாரம். வருஷா வருஷம் நவம்பருக்கு முன்னால் போன வருஷத்து மெழுகையெல்லாம் படியிலிருந்து சுரண்டி எடுப்பது ஓஸ்காரின் வழக்கம். இந்த வருஷமும் பழைய கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தான். படியில் வலது பக்கம் பனாவன்காரர்கள் ஏற்றுவார்கள், இடது பக்கம் துமாகித்காரர்கள், நடுவில் மற்ற ஊர்கள். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே அமைந்துபோயிற்று. நெனிதா அவனைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"இனிமே எங்க ஊர்க்காரங்க எங்க போய் ஏத்துறது, மனாய்? காகித மில்லு வாசல்லயா?"

கேலியாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

நெனிதா நேராக உள்ளே போனாள். துமாகித் பெட்டி ஒன்றைத் திறந்து, கைக்கு வந்த கோப்பை எடுத்தாள். யாரோ ஒரு பால்டெராமா. வீட்டை வரைந்து, அம்மாவுக்கு ஒரு கோடு, பிள்ளைகளுக்கு மூன்று கோடு, வாசலில் எருமைக்கும் ஒரு கோடு போட்டிருந்தான். அடுத்தது ஒரு கிழவியின் கை. நடுங்கி நடுங்கி வரைந்து, வீட்டுக்குப் பக்கத்தில் கோழிக்கூட்டைக்கூட விடாமல் போட்டிருந்தாள். நாலாவது கோப்புக்கு மேல் அவளால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு தாளிலும் ஜன்னலோரம் ஒரு ரோடெல் படுத்திருந்தான். பாழாய்ப்போன மனசு, இதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்றும் ஒரு பக்கம் சொல்லிற்று.

மூக்கைச் சிந்திக்கொண்டு டெல்ஃபின் மேஜைக்குப் போனாள். ஸ்பெயின்காரனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஆர் என்றால் பனாவன், பனாவன் என்றால் தன் சொந்த ஊர், தன் அம்மா கோப்பும் அதில் இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாள். டெல்ஃபின் தும்முவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது.

"பத்து வருஷமா எழுத்தை வச்சுத்தான் மாதிரி எடுக்கிறேன் மேடம். எத்தனை ஊரை இப்படித் தொடச்சு எறிஞ்சேனோ தெரியலையே."

அவள்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில்தான் இந்தக் கூத்து, எல்லா மாகாணத்திலும் இப்படி இருக்காது என்றாள். இருக்காது என்று அவளுக்கு என்ன தெரியும்? ஆனாலும் அப்படித்தானே சொல்ல முடியும்.

மத்தியானத்துக்குள் மணிலாவோடு பேசி முடித்தார். ஆர் ரத்து. எல்லாக் கோப்பையும் வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதே பத்தில் ஒரு பங்கு, ஆனால் எண்ணை வைத்து எடுக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுப்பது, கோப்பு எண் அந்த இலக்கத்தில் முடிந்தால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் ஆலைக்கு. அப்படி எடுத்தால் எல்லா ஊரிலிருந்தும் பத்துக்கு ஒன்று தங்கும். தங்குகிற பெட்டிகள் நகரத்திலே இருக்கிற கிளைக் காப்பகத்துக்குப் போகும் என்றார் டெல்ஃபின். அங்கே வாசற்படி உண்டா என்று நெனிதா கேட்டாள். அவருக்கு எதற்கென்று புரியவில்லை, உண்டு என்றார்.

சீட்டுகளை அவளே எழுதினாள். பழைய அட்டை உறை ஒன்றைக் கத்தரித்து எழுதி மடித்தாள். ஐந்து என்று எழுதின துண்டு உறையின் ஒட்டுப் பகுதியிலிருந்து வந்தது. மற்றதைவிடத் தடிமன். வேண்டுமென்று செய்ததல்ல, தானாக அமைந்தது. மடிக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது. வேறு துண்டு வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. அப்படியே ஓஸ்காரின் தொப்பியில் போட்டாள்.

டெல்ஃபின் தொப்பியைக் குலுக்கிவிட்டு, நீங்கள்தானே ஆவண அதிகாரி, நீங்களே எடுங்கள் மேடம் என்று நீட்டினார். நெனிதா கையை உள்ளே விட்டாள். தடித்த சீட்டு முதலிலேயே விரலில் பட்டது. எடுத்தால் யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. ரோடெல் இருப்பான், அம்மாவின் கை இருக்கும், எல்லா ஊருக்கும் பத்துக்கு ஒன்று கிடைத்துவிடும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நியாயமெல்லாம் அவள் பக்கம் வந்து வரிசையாக நின்றது. அந்த நியாயங்களைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது. வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

"நீ எடுடா ஓஸ்கார். என் கை ராசியில்லாத கை."

ஓஸ்கார் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். பிரித்துப் பார்த்துவிட்டு, நாலு என்றான்.

நெனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். நாலு. ரூஃபினாவின் எண். அம்மா எண்ணாக இருந்திருக்க வேண்டிய எண். பாவி, இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனாளே, போய் இங்கே வந்தும் நின்றுவிட்டாளே என்று நினைக்கும்போதே சிரிப்பு அழுகையாகிவிட்டது. அம்மா இருபது வருஷம் திட்டியது போதாது என்று தோன்றிற்று.

ஓஸ்கார் பக்கத்தில் வந்து குந்தினான். உங்க அம்மா ஃபைல் என்ன நம்பர் மனாய் என்று கேட்டான். சொன்னாள். எங்க அப்பாவோடதும் வரலை, ரெண்டுல முடியுது என்றான். பிறகு, சாப்பிட ஏதாவது வச்சிருக்கீங்களா என்று கேட்டான். குழம்பை எடுத்து வைத்தாள். காரம் போதவில்லை என்றுதான் அன்றைக்கும் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து லாரிகள் வந்தன. நெனிதா அம்மாவின் கோப்பை எடுத்து, அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அம்மா அழுத்தி அழுத்தி வரைந்ததில் பென்சில் தடம் பின்னால் புடைத்துக்கொண்டு இருந்தது. சின்னக் கோடு எங்கே இருக்கிறது என்று விரலே கண்டுபிடித்தது. பிறகு ஆலைக்குப் போகிற கட்டுக்குள் அந்தக் கோப்பைச் செருகிக் கயிற்றை அவளே இறுக்கினாள். அழிப்பதை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. காகித ஆலையில் பகல் முழுக்க நின்று பார்த்தாள். இயந்திரம் எந்த ஊர், எந்த எழுத்து என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நார்நாராகக் கிழித்துப் போட்டது. தோளில் கை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டெல்ஃபின் பக்கத்தில் கைக்குட்டையோடு நின்றார். கையெழுத்துப் போடும்போது அவளுக்குத் தம்பியை இரண்டாம் தடவை புதைத்த மாதிரிதான் இருந்தது. முதல் தடவை புதைக்கவே இல்லையே.

மறுநாள் காலையில் ஓஸ்கார் தங்குகிற கோப்புகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். அவள் உள்ளே வந்ததும் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தான்.

"மனாய், யாரு இந்த ரூஃபினா?"

"அந்தப் பிசாசு பேரை என்கிட்டச் சொல்லாதே."

"சொல்லலை. நீங்களே பாருங்க."

ரூஃபினாவின் தாள் அது. தன் வீட்டைக் கோணல்மாணலாக, ஏனோதானோ என்று வரைந்திருந்தாள். அவள் வீட்டில் யாரும் சாகவில்லை, அதனால் கோடே இல்லை. பக்கத்து வீடுகளையும் காட்டச் சொன்னார்கள் இல்லையா, இடது பக்கம் ஒரு வீடு போட்டிருந்தாள். அதைக் கோணாமல், நிதானமாக, கதவு ஜன்னலோடு வரைந்திருந்தாள். ஜன்னலோரம் சின்னதாக ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் கொச்சைக் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: "ரெலூசியோ வீடு. இங்க ரோடெல் படுத்திருப்பான். சின்னப் பையன். கம்பி விட்டுக் குத்தாதீங்க. கையால தோண்டுங்க."

நெனிதா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நடுக் கிடங்கில் நின்று, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். ஓஸ்காரும் அழுதான்.

"இதைச் சொல்லத்தான் வரிசையில முந்துனாளோ என்னவோ, மனாய்."

நெனிதா முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரூஃபினாவை அவளுக்குத் தெரியாதா?

"இல்லடா. மீன் டப்பாவுக்குத்தான் முந்தியிருப்பா. முந்தின பிறகு இதையும் சொல்லியிருக்கா."

நவம்பர் முதல் தேதி நகரத்துக் காப்பகத்தின் வாசற்படியில் காவலாளி தடுக்கத்தான் பார்த்தான். டெல்ஃபின் மணிலாவிலிருந்து போன் போட்டுச் சொன்ன பிறகு விட்டான். துமாகித்காரர்கள் வந்தார்கள், பனாவன்காரர்கள் வந்தார்கள், வலது இடது பார்க்காமல் கிடைத்த இடத்தில் ஏற்றினார்கள். நெனிதா மூன்று மெழுகுவத்தி வாங்கி வந்திருந்தாள். அம்மாவுக்கு ஒன்று, ரோடெலுக்கு ஒன்று, ரூஃபினாவுக்கு ஒன்று. அம்மா கோபித்துக்கொள்வாள் என்று தெரிந்தும் ரூஃபினாவுடையதைத்தான் முதலில் ஏற்றினாள்.